கல் மிஞ்சியது ஏன்?

கேள்வி: 10 கிராம் கால்சியம் கார்பனேட்டுடன் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி சேர்த்தால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு வரும்? இரண்டுமே 0.1 மோல்தான் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு). அதனால் இரண்டும் தீர்ந்து 4.4 கிராம் வரும் என்று எழுதினேன். விடை 2.2 என்கிறார்கள். எங்கே தவறினேன்?
– பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: மோல் கண்டுபிடித்தது வரை சரி. அடுத்து வேதிச் சமன்பாட்டைப் (CaCO₃ + 2HCl → CaCl₂ + H₂O + CO₂) பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் வேண்டும். உங்கள் 0.1 மோல் கார்பனேட்டுக்கு 0.2 மோல் அமிலம் தேவை, இருப்பதோ 0.1. முதலில் தீர்வது அமிலம். அதுதான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.

கால்சியம் கார்பனேட்டாலான சலவைக்கல் துண்டுகளைக் கொண்டு செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம். பொங்கிய நுரை மெல்ல அடங்கும். குடுவையின் அடியில் கல் கிடக்கும். இன்னொரு கல்லைப் போட்டாலும் அசையாது. கொஞ்சம் அமிலம் விட்டால் உடனே குமிழி கிளம்பும்.

இனி கணக்கு முழுக்க அமிலத்திலிருந்தே. இரண்டு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் வாயு. எனவே 0.1 மோலுக்கு 0.05 மோல், ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடின் எடையான 44 ஆல் பெருக்க 2.2 கிராம். கார்பனேட்டில் பாதி, அதாவது 5 கிராம், மிஞ்சும்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எது முதலில் தீரும் என்று ஒப்பிட, மோலைச் சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணால் வகுப்போம்: கார்பனேட் 0.1, அமிலம் 0.05. சிறியதே கட்டுப்படுத்துவது. ஆனால் இந்த 0.05 ஒப்பிட மட்டுமே. இதையே அமிலத்தின் மோல் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பாதியாக்கினால் 1.1 கிராம் என்ற தவறான விடை வரும்.

கேள்வி: எடை குறைவாக இருப்பதுதான் முதலில் தீருமா?
– பள்ளி மாணவர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் 5 மோல், ஆக்சிஜன் 2 மோல். 2 மோல் ஆக்சிஜனுக்கு 4 மோல் ஹைட்ரஜன் போதும். ஆறு மடங்குக்கு மேல் எடையுள்ள ஆக்சிஜன்தான் தீர்ந்துபோகிறது! நீர் 4 மோல், 72 கிராம். மிச்சம் ஹைட்ரஜன் 2 கிராம். கூட்டிப் பாருங்கள்: முன்பும் 74, பின்பும் 74. பரீட்சையில் இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம் ஒதுக்குங்கள். இரு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால், மிஞ்சியதைக் கணக்கிட்ட வரியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.