பெற்றோருக்கு பிரீமியம் எகானமி எடுத்துக் கொடுப்பது பிரயோசனமா?

கேள்வி: மட்டக்களப்பில் இருக்கும் அம்மா அப்பாவை லண்டனுக்கு அழைக்கிறேன். நீண்ட பயணம் என்பதால் பிரீமியம் எகானமிக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

பதில்: மட்டக்களப்பு நகரில் டிக்கெட் பதிவு செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் விமானத்தின் மணிக்கணக்கை மட்டும் பார்க்கிறார்கள். பெற்றோருக்கோ பயணம் வீட்டுப் படலையிலேயே தொடங்கிவிடுகிறது.

பிரீமியம் எகானமி என்பது எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவே உள்ள வகுப்பு. முதலில் அது கிடைக்குமா என்று பாருங்கள். கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் பறக்கும் ஸ்ரீலங்கன் விமானத்தில் எகானமி, பிசினஸ் இரண்டுதான்; நடு வகுப்பே கிடையாது. கட்டார் எயார்வேஸிலும் அப்படியே. எமிரேட்ஸில் உண்டு, ஆனால் எல்லா விமானத்திலும் இல்லை. டுபாயிலிருந்து லண்டனுக்கு அந்த ஆசனம் இருக்கும், கொழும்பிலிருந்து டுபாய்க்கு இல்லாமலும் போகலாம். ஆகவே மொத்த விலையைக் கேட்டுத் தலையாட்டாமல், ஒவ்வொரு பறப்புக்கும் எந்த வகுப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்த ஆசனத்துக்காகவே நேரடி விமானத்தை விட்டு, நடுச்சாமத்தில் வயதானவர்களை இன்னொரு விமான நிலையத்தில் இறங்கி ஏற வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனிக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 31, 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் பெரும்பாலும் 38. சிலவற்றில் 40 வரை. கூடுவது ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஓரிரு அங்குலம் கூடும், முதுகு இன்னும் கொஞ்சம் சாயும், சாப்பாடு பீங்கான் தட்டில் வரும், சில நிறுவனங்களில் பொதிக்கும் சில கிலோ கூடுதலாகத் தருவார்கள். படுக்கை கிடையாது. விலையோ எகானமியைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று போகும்.

படுக்கை பற்றி அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கல்லடியிலிருந்து வந்த ஐயா ஒருவர், மகன் அனுப்பிய படத்தைக் காட்டி, “தம்பி, இதில் படுத்துக்கொண்டே போகலாம்தானே?” என்று கேட்டார். படத்தில் இருந்தது பிசினஸ் வகுப்பு. கடையில் கிடந்த இரண்டு கதிரைகளை முன்னும் பின்னுமாக வைத்து, அளவுநாடாவால் 31 அங்குலம் பிடித்து அவரை உட்கார வைத்தேன். பிறகு 38. “இந்தக் கொஞ்சத்துக்கா இவ்வளவு காசு?” என்று எழுந்துவிட்டார். அடுத்து அவருடைய மனைவி உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் வாதக்காரி. 31இல் எழும்புவதற்கு முன்கதிரையைப் பிடிக்க வேண்டியிருந்தது. 38இல் பிடிக்காமலே எழுந்தார். ஐயா அதற்குப் பிறகு விலையைப் பற்றிப் பேசவில்லை.

முழங்கால் நோ, உயரமான உடம்பு, இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர் என்றால், வசதியிருந்தால் தயங்காமல் எடுங்கள். சுகதேகிகளாக இருந்தால் நான் வற்புறுத்த மாட்டேன்.

கால் இரத்தநாளத்தில் இரத்தம் உறையும் என்ற பயத்தில் கேட்பவர்களும் உண்டு. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்படியும் அது ஏறத்தாழ 6000 பேரில் ஒருவருக்குத்தான். அது விமானத்துக்கு மட்டுமல்ல, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் காருக்கும் பொருந்தும். நம்மவர்களோ பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று ஏழு மணித்தியாலம் போல வான் வண்டியில் குந்தியிருந்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் மீண்டும் உட்காருகிறார்கள். இடையில் ஓரிரு இடத்தில் வண்டியை நிறுத்தி நடக்க வையுங்கள். விமானத்தில் ஜன்னலோரம் வேண்டாம். நடைபாதை ஓர ஆசனம் எடுத்தால் யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். ஏற்கனவே நோய் உள்ளவர்கள், மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

அந்த வித்தியாசக் காசில் ஒரு பங்கு இருந்தால் முதல்நாளே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் அறை எடுத்துத் தூங்க வைக்கலாம். சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை; டிக்கெட் போடும்போதே கேளுங்கள். இரண்டையும் செய்யாமல் ஆசனத்தை மட்டும் உயர்த்துவது வீண் பகட்டு.

லண்டனிலிருந்து குடும்பமாக ஊருக்கு வருபவர்களுக்கும் ஒன்று. பிரித்தானியாவிலிருந்து புறப்படும் விமானத்துக்கான வரி, எகானமியை விட மேல்வகுப்பில் இரு மடங்குக்கும் மேல். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எகானமியில் அந்த வரி இல்லை, பிரீமியத்தில் உண்டு. பிள்ளைகளோடு வருபவர்கள் கணக்குப் பார்த்தால் எகானமியோடேயே நின்றுவிடுவார்கள்.

எடுப்பதென்றே முடிவு செய்தால், போக வர இரண்டுக்கும் வாங்க வேண்டியதில்லை. இரவு முழுக்கப் பறக்கும் பக்கத்துக்கு மட்டும் வாங்குங்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு, மிஞ்சிய ஆசனங்களைக் குறைந்த விலைக்கு மாற்றித் தரும் மின்னஞ்சல் வருவதுண்டு. உங்கள் மின்னஞ்சல் முகவரியைப் பதிவில் கொடுத்து வையுங்கள். அப்பாவின் முகவரிக்குப் போனால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.