பாடகிக்கு ஒரு மிக்ஸ், மிருதங்கத்துக்கு ஒரு மிக்ஸ்

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டு மாடியறையில் பக்திப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பதிவாகின்றன. எட்டு மைக் உள்ளீடும் பத்து வெளியீடும் இரண்டு ஹெட்ஃபோன் துளைகளும் கொண்ட இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் கருவி), ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், நான்கு பேர் கேட்கக்கூடிய சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் ஆகியவை உள்ளன. பாடகிக்காகத் தம்பூராவைக் கூட்டினால் மிருதங்கம் வாசிப்பவர் காதிலும் கூடுகிறது. பாடகி தன் குரல் சற்றுப் பின்தங்கிக் கேட்பதாகச் சொல்கிறார். மிருதங்கத்துக்குக் கொடுக்கும் க்ளிக் (காலப்பிரமாணத்தைக் காட்டும் “டிக்” ஒலி), குரல் ட்ராக்கிலும் பதிந்துவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதலில் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிய எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வகைச் சிறிய கருவிகள் தமக்குள் வரும் ஒரே ஸ்டீரியோ ஒலியை நான்காகப் பகிர்ந்து தருபவை; அவற்றிலுள்ள நான்கு திருகுகளும் அவரவர் காதுக்குப் போகும் மொத்த ஒலியைக் கூட்டிக் குறைக்குமே தவிர, தம்பூராவை மட்டுமோ குரலை மட்டுமோ தொடாது. ஒருவருக்குத் தனி மிக்ஸ், அதாவது ஒலிகளின் தனிக் கலவை, வேண்டுமென்றால் அவருக்கென்று இன்டர்ஃபேஸில் தனியாக ஒரு ஜோடி வெளியீடு வேண்டும். உங்களிடம் பத்து வெளியீடுகள் இருப்பதால் இதில் தட்டுப்பாடு இல்லை.

மூவருக்கும் மூன்று மிக்ஸ் கொடுக்கலாம் என்றாலும் உங்கள் குழுவுக்கு இரண்டே போதும் என்பது என் கருத்து. வயலின் வாசிப்பவர் தன் வாத்தியத்தை உடலோடு ஒட்டி வைத்திருப்பதால் அதன் ஒலி ஹெட்ஃபோனைக் கடந்தும் அவருக்குக் கேட்கும். அவருக்குத் தெளிவாக வேண்டியவை பாடகியின் குரலும் சுருதியும்தான், பாடகிக்கு வேண்டியவையும் அவையே. எனவே இருவரும் ஒரே மிக்ஸைக் கேட்கலாம். மிருதங்கம் வாசிப்பவரின் தேவை முற்றிலும் வேறு. அவருக்குக் குரலின் சொற்கள் விளங்க வேண்டும், க்ளிக் வேண்டும், சுருதி மெலிதாக இருந்தால் போதும். தன் வாத்தியம் ஹெட்ஃபோனில் அநேகமாகத் தேவைப்படாது. மிக்ஸ்களின் எண்ணிக்கை கூடக்கூட, பதிவின் நடுவே நீங்கள் கவனிக்க வேண்டியவையும் பெருகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆக, 1-2 வெளியீடு உங்களுக்கு. 3-4 பாடகிக்கும் வயலினுக்கும், ஆம்ப்ளிஃபயர் வழியாக. 5-6 மிருதங்கத்துக்கு, இன்டர்ஃபேஸின் ஹெட்ஃபோன் துளை வழியாக. எந்தத் துளையில் எந்த ஜோடி கேட்க வேண்டும் என்பதைப் பல இன்டர்ஃபேஸ்களில் அதனுடன் வரும் கட்டுப்பாட்டு மென்பொருளிலேயே மாற்றலாம். சிலவற்றில் அது மாறாததாக இருக்கும், அப்போது அந்தத் துளைக்கு உரிய எண்களையே மிருதங்கத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். மூவரோடு நீங்களும் அதே அறையில் உட்கார்ந்திருந்தால் பதிவு நேரத்தில் ஸ்பீக்கர்களை நிறுத்திவிட்டு, நீங்களும் ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும்.

கேபிள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு ஒரே ஸ்டீரியோ துளையாக இருந்தால், 3, 4 ஆகிய இரண்டு வெளியீடுகளிலிருந்து இரண்டு மோனோ முனைகளாகப் புறப்பட்டு ஒரு ஸ்டீரியோ முனையாக முடியும் கேபிள் வேண்டும். ஒரே ஒலியை நேராகவும் தலைகீழாகவும் இரு கம்பிகளில் கொண்டுசெல்லும் பேலன்ஸ்டு கேபிள் ஒன்றை மட்டும் வெளியீடு 3-லிருந்து நேராகச் செருகினால், ஒரு காதில் நேர் அலையும் மறு காதில் அதன் தலைகீழ் அலையும் கேட்கும். குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் வெளியே எங்கோ மிதப்பதாகவும் கனமின்றியும் தோன்றும். பாடகி சுருதி பிடிக்கத் திணறுவார். காரணம் யாருக்கும் புரியாது. இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இருப்பதால் இந்தத் தவறு மிக எளிதாக நேர்கிறது.

இனி ரீப்பருக்கு வருவோம். “பாட்டு க்யூ”, “மிருதங்கம் க்யூ” என்று இரண்டு புதிய ட்ராக்குகளை உருவாக்குங்கள் (க்யூ என்பது கலைஞரின் காதுக்குப் போகும் மிக்ஸ்). ஒலி எங்கே போக வேண்டும் என்பதைக் குறிக்கும் ரூட்டிங் சாளரத்தை ஒவ்வொன்றிலும் திறந்து, மாஸ்டருக்கு, அதாவது உங்கள் முதன்மை மிக்ஸுக்கு, அனுப்பும் மாஸ்டர் சென்ட் என்ற இடத்திலுள்ள குறியை நீக்குங்கள். நீக்காவிட்டால் கலைஞர்களுக்கான மிக்ஸ் உங்கள் மிக்ஸின் மேலும் வந்து விழுந்து, எல்லாம் இரட்டிப்பாகக் கேட்கும். அதே சாளரத்தில் ஹார்ட்வேர் வெளியீடாக முதல் ட்ராக்குக்கு 3-4, இரண்டாவதற்கு 5-6 கொடுங்கள். பிறகு குரல், வயலின், மிருதங்கம், தம்பூரா ஆகிய ஒவ்வொரு ட்ராக்கிலிருந்தும் இந்த இரண்டு க்யூ ட்ராக்குகளுக்கும் ஒவ்வொரு சென்ட், அதாவது அந்த ஒலியின் நகலை அனுப்பும் வழி, அமையுங்கள். ஒவ்வொரு சென்டிலும் அளவைக் கூட்டிக் குறைக்க உள்ள சிறிய ஃபேடர்தான் இனி அந்தக் கலைஞரின் காதில் அந்த ஒலியின் அளவு. மற்றவர் காதை அது பாதிக்காது.

சென்டின் வகை என்ன என்பதுதான் இங்கே முக்கியம். புதிதாக அமைக்கும் சென்ட் வழக்கமாகப் போஸ்ட்-ஃபேடர் வகையாக இருக்கும். அதாவது ட்ராக்கின் பெரிய ஃபேடரை நீங்கள் இறக்கினால் சென்டும் சேர்ந்து இறங்கும். வயலினில் ஏதோ உரசல் கேட்கிறதே என்று நீங்கள் குரலைச் சற்று இறக்கிக் கவனித்தால், அனுபல்லவியின் நடுவே பாடகிக்குத் தன் குரல் மறைந்துபோகும். எனவே க்யூ சென்ட்கள் அனைத்தையும் ப்ரீ-ஃபேடர் வகைக்கு மாற்றுங்கள். அதன் பிறகு உங்கள் ஃபேடர்கள் உங்கள் காதுக்கு மட்டுமே பொறுப்பு. ரீப்பரில் ப்ரீ-ஃபேடருக்குள்ளும் இரண்டு வகை உண்டு: ட்ராக்கில் போட்டிருக்கும் எஃபெக்டுகளுக்கு முன் எடுப்பது ஒன்று, பின் எடுப்பது மற்றொன்று. குரலில் மெல்லிய ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் எஃபெக்ட்) போட்டிருந்தால் பின் எடுப்பதில் தவறில்லை. ஆனால் கம்ப்ரெஸ்ஸரை அழுத்தமாகப் போட்டு அதைப் பாடகியின் காதுக்கு அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மெலிதாகப் பாடினாலும் வலுவாகப் பாடினாலும் ஒரே அளவில் கேட்டால், சங்கதிகளில் அவர் கொடுக்கும் ஏற்ற இறக்கம் தாமாகவே மட்டுப்பட்டுவிடும்.

ப்ரீ-ஃபேடராக இருந்தாலும் மியூட் (ட்ராக்கை ஊமையாக்குவது), சோலோ (அதை மட்டும் ஒலிக்கவிடுவது) பொத்தான்கள் க்யூவையும் பாதிக்கக்கூடும். கலைஞர்கள் ஹெட்ஃபோன் அணிந்திருக்கும்போது அந்த இரண்டு பொத்தான்களையும் தொடாமல், ஃபேடர்களைக் கொண்டே உங்கள் சோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அதேபோல, யாராவது “இன்னும் சத்தம் வேண்டும்” என்றால் இன்டர்ஃபேஸின் மைக் கெயின் திருகைத் தொடக் கூடாது. அதைத் திருப்பினால் எல்லார் காதிலும் அளவு மாறுவது ஒருபுறம் இருக்க, பதிவாகும் அளவே டேக்கின் நடுவில் மாறிவிடும். தார ஸ்தாயியில் மிக வலுவாகப் பாடச் சொல்லி, உச்சங்கள் −10 முதல் −6 டெசிபெலுக்குள் நிற்குமாறு கெயினை ஒருமுறை வைத்துவிட்டு, அதை மறந்துவிடுங்கள்.

அடுத்து, மிக்ஸை எங்கிருந்து தொடங்குவது? எல்லா சென்ட்களையும் ஒலி வராதபடி முழுவதும் இறக்கிவைத்துத் தொடங்குங்கள். முதலில் தம்பூரா, பிறகு பாடகியின் குரல். இந்த இரண்டோடு மட்டும் அவர் சில வரிகள் பாடட்டும். வசதியாக இருக்கிறது என்று சொன்ன பிறகு வயலினைச் சேருங்கள். மிருதங்கம் அதே அறையில் ஒலிப்பதால் அவருக்கு ஹெட்ஃபோன் வழியாகத் தேவைப்படாமலே போகலாம். மாறாக, எல்லாவற்றையும் ஏற்றிவைத்துவிட்டு “என்ன கூட்டட்டும்?” என்று கேட்டால், ஒவ்வொருவரும் எதையாவது கூட்டச் சொல்வார்கள், பத்து நிமிடத்தில் எல்லா ஃபேடரும் உச்சத்தில் நிற்கும். “எதைக் குறைக்கட்டும்?” என்பதே பயனுள்ள கேள்வி. தம்பூரா போதவில்லை என்ற புகார் பெரும்பாலும் வயலினைக் குறைத்தாலே தீர்ந்துவிடுகிறது.

பாடகியின் காதில் அவருடைய குரலின் அளவு தனியாகக் கவனிக்க வேண்டியது. தன் குரல் மிகையாகக் கேட்டால் பாடுபவர் தம்மையறியாமல் குரலை அடக்குவார். குறைவாகக் கேட்டால் தொண்டையை வருத்திப் பாடுவார், சுருதியும் அலைபாயும். டேக்கில் குரல் அடங்கி ஒலித்தால், அவரிடம் “வலுவாகப் பாடுங்கள்” என்று சொல்வதற்கு முன் அவர் காதில் குரலை இரண்டு டெசிபெல் குறைத்துப் பாருங்கள். சிலர் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடுவதையே விரும்புவர். அப்படியானால் திறந்த பக்கத்து ஹெட்ஃபோன் கிண்ணம் காற்றில் தொங்காமல், காதுக்குப் பின்னால் தலையோடு ஒட்டியிருக்கட்டும். மிக்ஸையும் இரு காதிலும் ஒரே ஒலி வரும்படி மோனோவாக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கமாகப் பான் செய்த வயலின் அவருக்குக் கேட்காமலே போகும்.

இனி தாமதம். மைக்கில் நுழைந்த குரல் கணினிக்குள் போய், மென்பொருளைக் கடந்து, திரும்பி வெளியே வர நேரமாகிறது. அதில் பெரும்பங்கு பஃபரின், அதாவது கணினி ஒவ்வொரு தடவையும் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டின், அளவைப் பொறுத்தது: நொடிக்கு 48,000 சாம்பிள் என்ற விகிதத்தில் 128 சாம்பிள் பஃபர் என்பது சுமார் 2.7 மில்லிசெகண்ட், 256 என்பது 5.3, 1024 என்பது 21.3. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று இதை இரண்டால் பெருக்கி, அதன்மேல் இன்டர்ஃபேஸின் மாற்றிகளும் டிரைவரும் எடுத்துக்கொள்ளும் சிறு நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். மிருதங்கம் வாசிப்பவர் அதைப் பெரிதாகப் பொருட்படுத்த மாட்டார். பாடுபவர் நிலை அப்படியல்ல. தன் குரல் எலும்பு வழியாக உடனே காதை அடைந்துவிடுவதால், ஹெட்ஃபோனில் சற்றுப் பிந்தி வரும் அதே குரல் அதனோடு மோதிச் சில அதிர்வெண்களை அழிக்கிறது. குரல் குழாய்க்குள் பாடுவது போல ஒலிக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் குறிப்பிடுவது இதைத்தான்.

விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஏசியோ (தாமதத்தைக் குறைக்கும் வகை) டிரைவரைப் பயன்படுத்துகிறீர்களா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு பஃபரை 128 அல்லது 64-க்கு இறக்குங்கள். மாஸ்டரிலோ க்யூ ட்ராக்கிலோ லீனியர் ஃபேஸ் ஈக்யூ, முன்கூட்டியே ஒலியைப் பார்த்துச் செயல்படும் லிமிட்டர் போன்றவை இருந்தால் பதிவு முடியும்வரை நீக்கிவையுங்கள். அவை தாமே தாமதத்தைச் சேர்ப்பவை. ப்ளூடூத் ஹெட்ஃபோனை இந்த வேலைக்கு எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம்.

இருந்தும் பாடகிக்கு நான் சொல்லும் வழி வேறு. இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டு மென்பொருளில், உள்ளே வரும் மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் திருப்பும் மிக்ஸர் ஒன்று இருக்கும். அதில் 3-4 வெளியீட்டுக்கான மிக்ஸைத் திறந்து, குரல் மைக்கையும் வயலின் மைக்கையும் நேராகச் சேருங்கள். கூடவே ரீப்பரிலிருந்து வரும் 3-4 ஒலியையும் சேருங்கள். உடனடியாகக் கேட்க வேண்டியவை மைக்கிலிருந்து நேராகவும், தம்பூரா, முன்பே பதிந்த ட்ராக்குகள் போன்றவை ரீப்பரிலிருந்தும் வந்து அங்கே ஒன்றுகலக்கும். தாமதம் நடைமுறையில் இல்லாமலே போய்விடும், பஃபரையும் 256-இல் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, குரல் ட்ராக்கிலிருந்தும் வயலின் ட்ராக்கிலிருந்தும் “பாட்டு க்யூ”வுக்குப் போட்ட சென்ட்களை நீக்கிவிட வேண்டும். நேர்வழியிலும் மென்பொருள் வழியிலும் ஒரே குரல் இருமுறை வந்தால், முதலில் இருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

நேர்வழியில் வரும் குரல் வறண்டிருக்கும், பாடகி சிறிது ரிவெர்ப் (கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி) கேட்பார். அதற்குத் தனி ட்ராக்கில் ரிவெர்ப் எஃபெக்டைப் போட்டு, அதில் மூல ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, எதிரொலி மட்டும் வரும்படி வையுங்கள். குரல் ட்ராக்கில், உள்வரும் ஒலியைக் கேட்கவிடும் மானிட்டர் பொத்தானை இயக்கி, அதிலிருந்து ரிவெர்ப் ட்ராக்குக்கு ப்ரீ-ஃபேடர் சென்ட் கொடுத்து, ரிவெர்ப் ட்ராக்கிலிருந்து “பாட்டு க்யூ”வுக்கு இன்னொரு சென்ட் கொடுங்கள். எதிரொலி இயல்பாகவே பிந்தி வருவது என்பதால் பத்து மில்லிசெகண்ட் தாமதம் அதில் தெரியாது. இந்த ரிவெர்ப் பதிவில் சேராது. அளவோடு கொடுங்கள், மிகுதியானால் கமகத்தின் நுணுக்கம் மங்கி, சுருதி சேர்ந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதி பாடுபவருக்கு வரும்.

உங்களுக்கென்று ஒரு மைக்கை எடுத்து, அதன் ட்ராக்கைப் பதிவுக்குத் தயாராக்கிவிட்டு, பதிவு முறையை மட்டும் அணைத்து, மானிட்டரை இயக்கி, மாஸ்டர் சென்டை நீக்கி, இரண்டு க்யூ ட்ராக்குகளுக்கும் சென்ட் கொடுத்தால் கலைஞர்களிடம் பேசும் வழியும் தயார். டேக் தொடங்கும்முன் அதை மியூட் செய்ய நினைவிருக்கட்டும். மியூட்டைப் பற்றி மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. 48 வோல்ட் ஃபாண்டம் பவரை இயக்கும்போதும் மைக்கைக் கழற்றி மாட்டும்போதும் ஹெட்ஃபோன் திருகுகள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். அந்த வெடிச்சத்தம் நேராகச் செவிப்பறையில் விழும்.

கடைசியாக, க்ளிக். இப்போது அது ரீப்பரின் மெட்ரோனோமிலிருந்து வருகிறது என்றால் அதை அணைத்துவிட்டு, இன்செர்ட் பட்டியலிலுள்ள க்ளிக் சோர்ஸைத் தனி ட்ராக்காகப் போடுங்கள். அதன் மாஸ்டர் சென்டை நீக்கி, “மிருதங்கம் க்யூ”வுக்கு மட்டும் சென்ட் கொடுங்கள். பாடகிக்கு க்ளிக் வேண்டியதில்லை; தாளத்தை அவர் கையிலும் மிருதங்கத்திலும் பிடித்துக்கொள்வார். க்ளிக் அவர் ஹெட்ஃபோனிலிருந்து குரல் மைக்குக்குள் கசியும் வழி இத்துடன் அடைபடுகிறது. மீதமிருப்பது மிருதங்கம் வாசிப்பவரின் ஹெட்ஃபோன். அது காதை முழுவதும் மூடும், பின்புறம் அடைத்த வகையாக இருக்க வேண்டும். பியர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ், சோனி எம்டிஆர்-7506 போன்றவை ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகப் புழங்குபவை. கூரிய “டிக்” ஒலி மெத்தைகளைத் தாண்டி எளிதில் வெளியேறும், ஆகவே க்ளிக் ட்ராக்கில் ஒரு ஈக்யூ போட்டு மேல் அதிர்வெண்களை வெட்டி, மரக்கட்டையில் தட்டுவது போன்ற மழுங்கிய ஒலியாக மாற்றுங்கள். ஆதி தாளத்தில் எட்டு அட்சரங்களிலும் ஒரே அழுத்தம் வேண்டாம். சமத்தில் மட்டும் அழுத்தம் கொடுத்து மற்றவற்றை மெலிதாக்கினால் மொத்த அளவையே குறைக்கலாம்.

மிருதங்கம் முழங்கும் இடங்களில் கசிவு மறைந்துபோகும். விருத்தம் போலக் குரல் மட்டும் நிற்கும் இடங்களிலும், பாட்டு முடிந்து தம்பூரா மட்டும் தேயும் கடைசி நொடிகளிலும்தான் அது காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களில் க்ளிக் ட்ராக்கின் வால்யூம் தானாகவே முழுவதும் இறங்கும்படி ஆட்டோமேஷன் மூலம் முன்கூட்டியே எழுதிவையுங்கள். இந்த ஒரு சென்ட்டை மட்டும் போஸ்ட்-ஃபேடராகவே விட்டுவிட வேண்டும். ப்ரீ-ஃபேடராக மாற்றினால் நீங்கள் எழுதிய ஆட்டோமேஷன் அவர் காதை எட்டாது.