டெர்மினலைத் தொலைத்த பைத்தான்

கேள்வி: என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருக்கிறது. முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு எடுக்கும் பழைய பிராஜெக்ட் ஒன்றை சீனியர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது ஓட பைத்தான் 3.8 வேண்டும் என்றார்கள். வீடியோ பார்த்து 3.8-ஐ நிறுவி, 'பைத்தான்3' என்று அடித்தால் அதுவே வரும்படி மாற்றினேன். அன்றிலிருந்து டெர்மினல் திறப்பதே இல்லை. இன்னொரு பாடத்துக்கு 3.12 வேண்டுமாம். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ள வழி உண்டா? இல்லை, உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டுமா?

பதில்: அழிக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். பத்து நிமிட வேலைதான். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் உச்சரிப்பாகச் சொல்கிறேன், கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

முதலில் டெர்மினலை மீட்போம். விஎஸ் கோட் இருந்தால் அதைத் திறந்து, அதற்குள்ளேயே இருக்கும் டெர்மினலைப் பயன்படுத்துங்கள், அது திறக்கும். இல்லையென்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை ஒன்று வந்து பயனர் பெயர் கேட்கும். கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, அது வழக்கம்தான். உள்ளே போனதும் 'சூடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3' என்று கொடுங்கள். அப்படி எதுவும் இல்லை என்று அது பதில் சொன்னால் விட்டுவிடுங்கள். 'பைத்தான்3' என்ற பெயர் எந்தப் பதிப்பைக் குறிக்கிறது என்று காட்டும் லிங்க்கை நீங்கள் நேரடியாக மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்து 'சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3'. அவ்வளவுதான். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் பழைய திரைக்குத் திரும்பலாம். டெர்மினல் திறக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தப் பதற்றத்தில், உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட்டில் 'ஆப்ட் ரிமூவ்' கொடுத்து 3.10-ஐ நீக்கிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதை நம்பி நிற்கும் அத்தனையையும் ஆப்ட் சேர்த்து அழைத்துக்கொண்டு போகும். டெஸ்க்டாப்பே காணாமல் போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பைத்தானை மாற்றினால் டெர்மினல் ஏன் படுக்க வேண்டும்? உபுண்டுவில் டெர்மினலைத் திறக்கும் அந்தச் சின்ன ஸ்கிரிப்ட் பைத்தானில் எழுதப்பட்டது. அதன் முதல் வரியே, என்னை '/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3' கொண்டு ஓட்டு என்கிறது. ஓடும்போது அது சில நூலகங்களைக் கூப்பிடுகிறது. அந்த நூலகங்களின் ஒரு பகுதி சி மொழியில் எழுதி கம்பைல் செய்யப்பட்டது. அந்தக் கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-310' என்று பதிப்பு எண் பொறித்திருக்கும். 3.8 வந்து அதே கோப்புறையைத் திறந்து பார்க்கிறது, தனக்குப் பொருந்தும் கோப்பு அதில் இல்லை, கையை விரித்துவிடுகிறது. டெர்மினல் மட்டுமல்ல, புதிய களஞ்சியம் சேர்க்கும் 'ஆட்-ஆப்ட்-ரெபாசிட்டரி' கட்டளையும் இதே காரணத்தால்தான் 'ஆப்ட்_பிகேஜி' என்ற நூலகம் கிடைக்கவில்லை என்று அழும். அப்படி அழுவதைப் பார்த்தால் உடனே சந்தேகப்பட வேண்டியது இந்த லிங்க்கைத்தான்.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். '/யூஎஸ்ஆர்/பின்' உள்ளே இருக்கும் பைத்தான் உங்களுடையது அல்ல, உபுண்டுவுடையது. தன் வேலைக்காக அது வைத்திருக்கிறது. 20.04-இல் அது 3.8, 22.04-இல் 3.10, 24.04-இல் 3.12. அதை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். டெபியன் 12, உபுண்டு 23.04 காலத்திலிருந்து இதை அவர்களே கட்டாயமாக்கிவிட்டார்கள். அந்தப் பைத்தானுக்குள் நேரடியாக பிப் (பைத்தான் நூலகங்களை நிறுவும் கருவி) வைத்து எதையாவது நிறுவப் போனால், 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று சொல்லி மறுத்துவிடும். உங்கள் 22.04 அப்படித் தடுக்காது.

இனி இரண்டு பதிப்புகள் எப்படி ஒன்றாக வாழும் என்பதற்கு வருவோம். உண்மையில் ஒரே கணினியில் பத்து பைத்தான்கூட இருக்கலாம், ஒன்றையொன்று தொடாது. சண்டை வருவது பெயரில்தான். ஒரு தெருவில் நாலு முருகன் இருக்கிறார்கள் என்று வையுங்கள். தெருமுனையில் நின்று 'முருகா' என்று கூப்பிட்டால் முதல் வீட்டு முருகன்தான் எட்டிப் பார்ப்பான். டெர்மினலும் அப்படித்தான். 'பாத்' என்ற மாறியில் கோப்புறைகள் வரிசையாக எழுதியிருக்கும். நீங்கள் 'பைத்தான்3' என்றதும் அந்த வரிசையில் இடமிருந்து தேடிக்கொண்டே போய், அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை ஓட்டிவிடும். பின்னால் இருப்பவற்றைப் பார்க்கவே பார்க்காது. எந்த மொழியாக இருந்தாலும், பதிப்பு மாற்றித் தருகிற கருவிகளில் பெரும்பாலானவை செய்வது இந்த வரிசையின் தலைப்பக்கம் ஒரு கோப்புறையைச் செருகுவதுதான்.

எத்தனை முருகன் இருக்கிறார்கள் என்று பார்க்க 'டைப் -ஏ பைத்தான்3' என்று அடியுங்கள். கிடைத்த எல்லாவற்றையும் வரிசை மாறாமல் காட்டும். புதிதாக ஒன்றை நிறுவிய பிறகும் பழையதே ஓடுகிறதென்றால், பாஷ் ஷெல் முன்பு கண்டுபிடித்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கலாம். 'ஹேஷ் -ஆர்' கொடுத்தால் மறந்துவிடும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்க நிறுவுவதும் நீக்குவதுமாகக் கழித்திருக்கிறேன்.

எந்தக் கருவி? மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. உபுண்டுவுக்கு 'டெட்ஸ்நேக்ஸ்' என்ற களஞ்சியம் உண்டு. நீங்கள் 3.8-ஐ எடுத்தது அநேகமாக அங்கிருந்துதான். அதில் தப்பில்லை, அது 'பைத்தான்3.8' என்ற தனிப் பெயரில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அந்த வீடியோ சொன்ன அடுத்த படிதான் தப்பு. இரண்டாவது பைஎன்வ். ரூபிக்காரர்களின் ஆர்பிஎன்வை ஒட்டிப் பிறந்தது. வரிசையின் தலையில் போலி 'பைத்தான்' ஒன்றை வைத்து, நீங்கள் நிற்கும் கோப்புறையைப் பார்த்து உரிய பதிப்புக்குத் தள்ளிவிடும். நல்ல கருவி, பல வருடம் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் லினக்ஸில் அது ஒவ்வொரு பைத்தானையும் மூலநிரலிலிருந்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். ஓபன்எஸ்எஸ்எல், எஸ்க்யூலைட் போன்றவற்றின் டெவலப்பர் தொகுப்புகளை முன்கூட்டியே போட்டுவைக்கவில்லை என்றால், சில சமயம் நிறுவல் பாதியில் நின்றுவிடும். இன்னும் சில சமயம் வெற்றிகரமாக முடிந்ததுபோல் நடித்துவிட்டு, பிறகு எஸ்க்யூலைட்டைக் கூப்பிடும்போது இல்லை என்று சொல்லும். இரண்டாவதுதான் கொடுமை.

உங்களுக்கு நான் சொல்வது மூன்றாவது, யூவி. அஸ்ட்ரல் நிறுவனம் 2024-இல் வெளியிட்டது, ரஸ்ட் மொழியில் எழுதியது. ஏற்கெனவே கம்பைல் செய்துவைத்த பைத்தானை அப்படியே இறக்கித் தரும். உங்கள் ஹோம் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், சூடோ (நிர்வாகி அனுமதி) கேட்காது. சூடோ கேட்காத கருவி உபுண்டுவின் பைத்தானைக் கெடுக்கவும் முடியாது.

யூவியை நிறுவிய பிறகு, பழைய பிராஜெக்ட் கோப்புறைக்குள் போய் 'யூவி பைத்தான் பின் 3.8' என்று கொடுங்கள். '.பைத்தான்-வெர்ஷன்' என்று ஒரு சின்னக் கோப்பு உருவாகும். பைஎன்வும் இதே கோப்பைத்தான் படிக்கும். அடுத்து 'யூவி வீஎன்வ்'. 3.8 இல்லையென்றால் தானே இறக்கிக்கொண்டு, '.வீஎன்வ்' என்ற கோப்புறையை உண்டாக்கும். இதுதான் மெய்நிகர் சூழல். இந்தப் பிராஜெக்ட்டுக்கான நூலகங்கள் எல்லாம் இதற்குள்ளேயே தங்கும், வெளியே சிந்தாது. 'சோர்ஸ் .வீஎன்வ்/பின்/ஆக்டிவேட்' கொடுத்தால் இதன் கோப்புறை பாத் வரிசையின் தலைக்கு வந்துவிடும். இப்போது 'பைத்தான் --வெர்ஷன்' கேட்டால் 3.8 என்று வரவேண்டும்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். யூவி உருவாக்கும் சூழலுக்குள் பிப் இருக்காது. பழக்கதோஷத்தில் 'பிப் இன்ஸ்டால்' என்று அடிப்பீர்கள். முதல் வீட்டில் பிப் இல்லை, ஆகவே டெர்மினல் வரிசையில் அடுத்தடுத்துத் தேடி உபுண்டுவின் பிப்பைப் பிடித்துவிடும். எல்லாம் நிறுவியாயிற்று என்று செய்தியும் வரும். நிரலை ஓட்டினால் நூலகம் இல்லை என்று வரும். நிறுவியது 3.10-க்கு, ஓட்டியது 3.8-இல்! 'யூவி பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வையர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று அடிக்கப் பழகுங்கள். யூவி இல்லாத இடங்களில் வெறும் பிப் என்பதற்குப் பதில் 'பைத்தான் -எம் பிப்'. எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே நிறுவும்.

முக அடையாளப் பிராஜெக்ட் என்கிறீர்கள், 3.8 என்று அடம்பிடிக்கிறது என்கிறீர்கள். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் அந்த ரெக்வையர்மென்ட்ஸ் கோப்பில் டென்சர்ஃபுளோ என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தின் 2.4 பதிப்பு இருக்கும் என்பது என் ஊகம். அது பைத்தான் 3.6 முதல் 3.8 வரைக்குத்தான் வந்தது. 3.10-இல் நிறுவப் பார்த்தால் 'அப்படி ஒரு பதிப்பே கிடைக்கவில்லை' என்ற தோரணையில் பிழை வரும். பதிப்பு இருக்கிறது, உங்கள் பைத்தானுக்குத் தைத்த சட்டை இல்லை, அவ்வளவுதான். 3.8-இல் நிறுவிய பிறகும் புரோட்டோபஃப் என்ற நூலகம் 'டிஸ்கிரிப்டர்ஸ்' என்று ஏதோ புலம்பினால் ஆச்சரியப்படாதீர்கள். டென்சர்ஃபுளோ 2.4 வெளிவந்தபோது புரோட்டோபஃப் பதிப்புக்கு மேல்வரம்பு வைக்கவில்லை, ஆகவே புதிய பதிப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது. புரோட்டோபஃப்பை 3.20 வரிசைக்கு இறக்கினால் அடங்கும்.

3.12 பாடத்துக்கு இன்னொரு கோப்புறை, அதில் 'யூவி பைத்தான் பின் 3.12', அதற்கென்று தனி '.வீஎன்வ்'. இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ஒன்றில் எழுதிய பழைய நிரலை மற்றதில் ஒட்டினால் மட்டும் கவனம்: 'டிஸ்ட்யூட்டில்ஸ்', 'இம்ப்' இரண்டு நூலகங்களையும் 3.12-இல் எடுத்துவிட்டார்கள். பழைய தொகுப்புகள் பல அங்கே விழுவதற்கு முக்கியக் காரணம் அதுதான். இன்னொன்று, 3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கப் போதும். கல்லூரி சர்வரில் ஏற்றி எல்லோர் முகத்தையும் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் டென்சர்ஃபுளோவைப் புதுப்பித்துவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால்: அங்கே 'பை' என்ற ஏவி உண்டு. 'பை -0' கொடுத்தால் இருக்கும் பதிப்புகளைப் பட்டியலிடும், 'பை -3.12' கொடுத்தால் அதையே ஓட்டும். 'பைத்தான்' என்று அடித்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொண்டால் அமைப்புகளில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸ்' பகுதியில் அதை அணைத்துவிடலாம். பைத்தான் அல்லாதவற்றுக்கும் இப்படிப் பதிப்பு மாற்றும் கருவிகள் உண்டு: நோடுக்கு என்விஎம், ஜாவாவுக்கு எஸ்டிகேமேன். ஜாவாவில் மட்டும் பாத் போதாது, 'ஜாவா_ஹோம்' என்ற இன்னொரு மாறியையும் பல கருவிகள் பார்க்கும். இரண்டும் வேறு வேறு பதிப்பைக் காட்டினால் மேவன் என்ற ஜாவா கருவி ஒன்றில் ஓடும், நீங்கள் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

வருகைப்பதிவு என்பதால் தினமும் காலையில் தானாக ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் போடத் தோன்றும். கிரானுக்கு உங்கள் ஆக்டிவேட் எதுவும் தெரியாது. அதன் பாத் வரிசையில் வழக்கமாக '/யூஎஸ்ஆர்/பின்', '/பின்' இரண்டுதான் இருக்கும். அங்கே வெறும் 'பைத்தான்3' என்று எழுதினால் உபுண்டுவின் 3.10 தான் வரும். '.வீஎன்வ்/பின்/பைத்தான்' என்பதன் முழுப் பாதையையும் எழுதுங்கள். அப்படிக் கூப்பிட்டால் ஆக்டிவேட் தேவையே இல்லை.

அடுத்த வருடம் இதை ஜூனியர்களிடம் கொடுக்கும்போது '.வீஎன்வ்' கோப்புறையை ஜிப் செய்து கொடுத்துவிடாதீர்கள். அதற்குள் உங்கள் ஹோம் கோப்புறையின் முகவரி ஆங்காங்கே எழுதப்பட்டிருக்கும், வேறு கணினியில் நடக்காது. ரெக்வையர்மென்ட்ஸ் கோப்பையும் அந்தச் சின்ன '.பைத்தான்-வெர்ஷன்' கோப்பையும் கொடுங்கள். புரோட்டோபஃப் வரியை அதில் சேர்க்க மறக்க வேண்டாம்.