12 வயசு பொண்ணுக்கு டூம்ப் ரைடர் வேணாங்க

பொண்ணுக்கு 12 வயசு, லேடி ஹீரோ கேம்தான் வேணும்னு அடம் புடிக்குறா, டூம்ப் ரைடர் வாங்கலாமான்னு கேட்டிருந்தீங்க. 2013ல வந்தத மட்டும் வாங்கிடாதீங்க சார், 1996ல வந்த முதல் கேம்ல ஹீரோயின் லாராவ கவர்ச்சிய வெச்சே விளம்பரம் பண்ணாங்க, இதுல பயந்து அடிபட்டு எழுந்து நிக்குற ஆளா மாத்துனது சூப்பர்தான், ஆனா அவ சாகுற சீன் பாத்தா நமக்கே கொல நடுங்கும், ஐரோப்பால வயசு ரேட்டிங் 18, அதாவது பெரியவங்களுக்கு மட்டும். பதிலா செலஸ்ட் போடுங்க, 2018, மேட்லின்னு ஒரு பொண்ணு மனப்பதட்டத்தோட மலை ஏறுவா, கஷ்டமான கேம், உங்க பொண்ணு கத்துவா, பரவால்ல.

அப்புறம் வெண்பான்னு ஒரு கேம்! 2023, கனடா போன நம்மூரு அம்மா, கிழிஞ்ச சமையல் நோட்ட வெச்சு இட்லி ஊத்தணும். வேளச்சேரில அக்கா பொண்ணு வெளாடினப்போ பாட்டி வந்து கேம்ல இட்லி தட்டு அடுக்குனது தப்புன்னு சண்டைக்கே வந்துட்டாங்க.