46 வயதில் இரவு வியர்வை, தள்ளிப்போகும் மாதவிலக்கு: ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா?

மதுரையில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு விலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சித்திரை வெயில் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஃபேன் ஓடும்போதே திடீரென முகமும் கழுத்தும் தகித்துச் சில நிமிடங்களில் அடங்கினால், பெரும்பாலும் அது வெயில் இல்லை. விலக்கு நிற்கும் காலம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்குவதால், உடல்சூட்டைக் கவனிக்கும் மூளைப்பகுதி தடுமாறுகிறது. 12 மாதம் தொடர்ந்து விலக்கு வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு. தைராய்டு கோளாறும் இப்படித் தெரியலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

'வயசானா அப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை மீதான பயம் 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வால் பரவியது. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, உங்கள் அக்காவைவிட மிக அதிகம். 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்க்கவேண்டும். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் ஆபத்து கூடும். இரண்டும் சேர்ந்து பல ஆண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் ஆபத்து சற்று ஏறும். ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிட தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பேட்சில் குறைவு. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டி வந்தவர்களுக்குப் பொதுவாக இது வேண்டாம். ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு.

அரசு ராஜாஜி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவில் காட்டலாம். அப்புறம், விலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.