சின்ன பிக்கப், பின்னால் கேம்பர், எதிரே மலை

கேள்வி: என்னிடம் 2014 டொயோட்டா டகோமா இருக்கிறது, 2.7 லிட்டர், நாலு சிலிண்டர். பழைய பாப்-அப் கேம்பர் (மடக்கி இழுத்துப்போய், நின்ற இடத்தில் துணிச்சுவரோடு விரித்துத் தங்கும் டிரெய்லர்) ஒன்று விலைக்கு வருகிறது, 1,800 பவுண்டுதான் என்கிறார் விற்பவர். என் வண்டி 3,500 பவுண்டு வரை இழுக்கும். டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலை பிடித்து மலை தாண்டிப் போக ஆசை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வண்டி தாங்குமா? – வாசகர், அரோரா, கொலராடோ

பதில்: இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலை எல்லாம் மலை ஏறிய பிறகு எப்படி இறங்கப் போகிறீர்கள் என்பதில்தான்.

முதலில் அந்த 1,800 பவுண்டைப் பார்ப்போம். அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த வெற்று எடையாகத்தான் இருக்கும். 20 கேலன் தண்ணீர் நிரப்பினால் சுமார் 167 பவுண்டு. நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று 37 பவுண்டு. பேட்டரி, படுக்கை, பாத்திரம், மடக்கு நாற்காலி, அரிசி பருப்பு எல்லாம் ஏற்றினால் 2,400 பக்கம் போய்விடும். வாங்கியதும் பயணத்துக்குப் போவது போலவே எல்லாம் ஏற்றி, லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள், விற்பவரின் வாய்க்கணக்கு உங்களுக்கு வேண்டாம்.

இழுவைத் திறனை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இன்னொரு இடத்தில். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி மேல், உட்கார வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். 2,400 பவுண்டுக்குச் சுமார் 280 என்று வையுங்கள். இந்த 280-ஐ உங்கள் பிக்கப்தான் சுமக்கிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடை தாண்டக்கூடாது என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும். உதாரணத்துக்கு 1,100 பவுண்டு என்றால், நீங்கள் நால்வரும் 450, ஹிட்ச் 280, மிச்சம் 370. அதற்குள் கூலர், விறகு, சைக்கிள், பின்பெட்டிக்கு மூடி போட்டிருந்தால் அது, எல்லாம் அடங்க வேண்டும். சின்ன பிக்கப்பில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இந்தக் கணக்குதான்.

ஏற்றத்துக்கு வருவோம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிந்துவிடுகிறது அல்லவா. ஐ-70 மலையைக் குடைந்து போகும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் 159 குதிரைத்திறன் அங்கே போகும்போது 105, 110 ஆகியிருக்கும். கீழ் கியரில் இன்ஜின் அலறும், வேகம் 40 மைலுக்கு வந்துவிடும், பக்கத்து லேனில் எல்லாரும் தாண்டிப் போவார்கள். போகட்டும். லாரிகளோடு வலது ஓரத்தில் நிதானமாக ஏறுங்கள், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடுவது இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. டெம்பரேச்சர் முள்ளை மட்டும் கவனியுங்கள். அது நகர ஆரம்பித்தால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், வியர்க்கும், ஆனால் இன்ஜின் பிழைக்கும். மடக்கிய பாப்-அப் உயரம் குறைவு என்பதால் காற்றும் அதிகம் தடுக்காது. அதே எடையுள்ள உயரமான டிரெய்லரைவிட இது உங்களுக்கு எவ்வளவோ மேல்.

இப்போது இறக்கம். சுரங்கத்தைத் தாண்டினால் சில்வர்தார்ன் ஊர் வரைக்கும் 2,100 அடி இறக்கம். வண்டி, ஆட்கள், டிரெய்லர் சேர்த்து 7,000 பவுண்டு என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தியை வைத்து ஐஸ் தண்ணீர் ஏறத்தாழ 50 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் பிரேக் வாங்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் உல்ஃப் கிரீக் கணவாயிலிருந்து, அது 10,857 அடி, பகோசா ஸ்பிரிங்ஸ் பக்கம் இறங்கினேன். பின்னால் பிரேக் இல்லாத பாப்-அப். கியரை டி-யிலேயே விட்டுவிட்டு, வேகம் கூடக் கூட லேசாகக் காலை வைத்துக்கொண்டே வந்தேன். பாதி தூரத்தில் கருகல் வாடை. அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே போயிற்று, மிதித்தும் வேகம் குறையவில்லை. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கியரைக் கீழே தள்ளி எப்படியோ ஓரத்தில் நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அடுப்பு போல அனல் அடித்தது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அந்தச் சாலையில் பிரேக் விட்டுப்போன லாரிகளுக்காகச் சரளைக்கல் கொட்டிய தப்பிக்கும் வழிகள் இருக்கின்றன, அவை ஏன் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரையும் குறைத்துவிடுங்கள். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று நம்மூர் மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். வேகம் 45-ஐத் தாண்டினால் உறுதியாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள், அந்த இடைவெளியில்தான் பிரேக் ஆறும். லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் கொல்லும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். டாட் 3 (DOT 3) வகை பிரேக் ஆயில் புதிதில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் இழுத்துப் பழசானால் 140-லேயே கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சு மாதிரி ஆவது அதனால்தான்.

அப்புறம் முக்கியமான ஒன்று, டிரெய்லருக்குச் சொந்த பிரேக். இந்த எடைக்குக் கொலராடோ சட்டம் கட்டாயப்படுத்தாது, அங்கே வரம்பு 3,000 பவுண்டு. கலிஃபோர்னியாவில் 1,500. நான் கலிஃபோர்னியா கணக்கைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். கேம்பரைப் பார்க்கப் போகும்போது வயர் பிளக்கைப் பாருங்கள். தட்டையாக நாலு பின் மட்டும் இருந்தால் எலெக்ட்ரிக் பிரேக் இல்லை, வட்டமாக ஏழு பின் என்றால் இருக்க வாய்ப்புண்டு. இல்லையென்றாலும் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள், அச்சின் முனையில் நாலு ஓட்டை போட்ட சதுரத் தகடு பற்றவைத்திருந்தால் பிரேக் மாட்ட வழி இருக்கிறது. பிக்கப்பில், டிரெய்லர் பிரேக்கை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்று வைக்க வேண்டும். செலவுதான், ஆனால் இதைச் செய்யாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் போகாதீர்கள்.

கேள்வி: ஃபோர்டு மேவரிக் 2.0 டர்போ வைத்திருக்கிறேன், 2,000 பவுண்டுதான் இழுக்கலாம் என்கிறார்கள். 4,000-க்குப் பெரிய ஹிட்ச் மாற்றினால் போதுமா? – வாசகர், டாலஸ்

பதில்: போதாது. கம்பெனியே பொருத்தித் தரும் 4,000 பவுண்டு பேக்கேஜில் கியர்பாக்ஸ் ஆயிலுக்குக் கூலர், பெரிய ரேடியேட்டர் ஃபேன், டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், வேறு கியர் விகிதம் எல்லாம் சேர்ந்து வரும். வெறும் இரும்பை மாற்றினால் இவை எதுவும் வராது. டர்போ என்பதால் உயரத்தில் உங்கள் இன்ஜின் அவ்வளவாகச் சோர்ந்துபோகாது, அது நல்லது. ஆனால் 2,000 என்றால் எல்லாம் ஏற்றிய பிறகு 2,000. 1,300, 1,400 பவுண்டு வெற்று எடையில் சின்னதாக ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது? – வாசகி, சால்ட் லேக் சிட்டி

பதில்: பிக்கப் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கையும் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். பின்னால் இழுத்துப் பிடித்தால் நேராகிவிடும். நின்றதும் உள்ளே சாமான் எப்படி அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் கனமானது பின்பக்கம் போயிருக்கும்.

கேள்வி: பாப்-அப் வாங்கிவிட்டோம். யெல்லோஸ்டோன் போகிறோம், அங்கே ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் தங்கலாமா? – வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: முடியாது. அங்கே கிரிஸ்லி கரடி நடமாட்டம் உண்டு, துணிச்சுவர் உள்ள எதையும் அனுமதிப்பதில்லை, பாப்-அப்பும் அதில் சேரும். பூங்காவுக்குள் வேறு முகாம்கள் இருக்கின்றன, அவற்றில் முன்பதிவு செய்யுங்கள். எங்கே தங்கினாலும் சாப்பாடு, எண்ணெய், பற்பசை எதையும் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கிளம்பும் முன் டிரெய்லர் டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துக்களோடு வரும் வரிசையில் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2318 என்றிருந்தால் 2018-இன் 23-ஆவது வாரம் செய்த பழைய டயர், மேலே பட்டன் புதுசாகத் தெரிந்தாலும் மாற்றிவிட்டுப் போங்கள்.