வாசகர் கேள்விகள்: பெயரைப் பார்த்தே ஒதுக்கினால்?

கேள்வி: நன்றாகப் படித்தால் போதும், தனியார் கம்பெனிகள் திறமையை மட்டும்தான் பார்க்கும், அங்கே சாதியெல்லாம் கிடையாது என்று வீட்டில் சொல்கிறார்கள். சுகதேவ் தோரட் என்பவர் இதை மறுத்ததாக ஒரு கூட்டத்தில் கேட்டேன். யார் அவர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: 1949-ல் மகாராஷ்டிராவின் அமராவதி மாவட்டத்தில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவுரங்காபாத்தில் அம்பேத்கர் ஏற்படுத்திய மிலிந்த் கல்லூரியில் படித்து, அப்புறம் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே பொருளாதாரப் பேராசிரியர் ஆனார்.

உங்கள் வீட்டில் சொல்வதை அவர் சோதித்தே பார்த்துவிட்டார். அவரும் அமெரிக்கச் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் சேர்ந்து, நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு; ஒன்றில் உயர்சாதிக் குடும்பப் பெயர், ஒன்றில் தலித் பெயர், இன்னொன்றில் முஸ்லிம் பெயர். 2007-ல் முடிவு வெளியானது. நேர்காணலுக்கு அழைப்பு வர உயர்சாதிப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆளை நேரில் பார்க்கக்கூட இல்லை, அதற்குள் கழித்துவிட்டார்கள்! எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, அதில் பெருமைப்படுவதும் நியாயம்தான். ஆனால் நேர்காணலில் "எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றார்" என்று கேட்டால் அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: ஆய்வோடு நிறுத்திக்கொண்டாரா?
- அதே வாசகி

பதில்: இல்லை. 2006 முதல் 2011 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவராக இருந்தார். அப்போதுதான் டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்ற புகாரை விசாரித்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். விடுதியில் தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் தனியாக ஒதுங்க வேண்டியிருந்ததையும், ஆசிரியர்கள் சிலர் அவர்களை நடத்திய விதத்தையும் 2007-ல் வந்த அறிக்கை பதிவு செய்தது. நாட்டின் மிகப் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியைப் பற்றி இப்படி எழுதித் தருவதற்குத் துணிச்சல் வேண்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு தேவை என்று அவர் தொடர்ந்து வாதாடுவதற்கு அந்த 4,808 விண்ணப்பங்களும் ஒரு காரணம்.